ரயிலுக்கு முன்பே நிலம்: ஜப்பானின் ஹான்க்யூ மின்ரயில் நிறுவனம் வளர்ந்த விதம்

ஒசாகா நகரின் உமேடா முனையத்திலிருந்து கோபே, தகராசுகா, கியோத்தோ ஆகிய மூன்று திசைகளிலும் அரக்கு நிற மின்ரயில்கள் நாள் முழுவதும் புறப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஹான்க்யூ என்ற நிறுவனம் அவற்றை இயக்குகிறது. அந்தப் பெயரில் பெரிய பல்பொருள் அங்காடி இருக்கிறது. தகராசுகாவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற இசை நாடகக் குழு இருக்கிறது. வழி நெடுக அது கட்டி விற்ற குடியிருப்புகள் இருக்கின்றன. இவ்வளவும் வளர்ந்து நிற்பதைப் பார்ப்பவருக்கு, 1907இல் இதே நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழப் பாதியை வாங்க ஆளே இல்லாமல் இருந்தது என்றால் நம்புவது கடினம்.

அப்போது அதன் பெயர் மினோ–அரிமா மின்சார டிராம் நிறுவனம். மினோ என்பது ஒசாகாவுக்கு வடக்கே அருவியும் மேப்பிள் மரங்களும் நிறைந்த மலைப்பகுதி. அரிமா என்பது பழம்பெரும் வெந்நீர் ஊற்று ஊர். பெயரில் இருந்த அரிமாவுக்கு இந்த நிறுவனம் கடைசிவரை தண்டவாளம் போடவே இல்லை. தகராசுகாவுக்கு அப்பால் மலை செங்குத்தாக எழுகிறது. செலவு தாங்காது என்று அந்த உரிமையை விட்டுவிட்டார்கள். பெரிய நகரங்கள் இரண்டை இணைத்தால்தான் ரயிலுக்கு வருமானம் என்பது அன்றைய முதலீட்டாளரின் கணக்கு. இந்தப் பாதையின் ஒரு முனையில் ஒசாகா இருந்தது. மறுமுனையில் இருந்தவை ஓர் அருவியும் ஒரு சிற்றூரும். நடுவில் வயல்கள். யாரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடும் என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை.

அந்தக் கேள்விக்கு இந்த நிறுவனம் கண்ட பதிலைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது. அதை ஒரு தனிமனிதரின் மேதைமையாக மட்டும் சொல்லும் வழக்கம் ஜப்பானிலும் வெளியிலும் உண்டு. மேதைமை இருந்தது உண்மை. ஆனால் சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளி, ஒரு வங்கியின் எழுச்சியும் வீழ்ச்சியும், புகையால் மூச்சுத் திணறிய ஒரு நகரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த வளர்ச்சி புரியாது.

தேசியமயமும் சட்டத்தின் இடைவெளியும்

ரஷ்யாவுடனான போர் முடிந்த மறு ஆண்டே, 1906இல், ஜப்பானிய அரசு ரயில் தேசியமயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டின் முக்கியமான 17 தனியார் ரயில் நிறுவனங்கள் அரசின் கைக்குப் போயின. ஒசாகாவுக்கு அருகிலிருந்து ஃபுகுச்சியாமா வரை நீராவி ரயில் ஓட்டிய ஹான்காக்கு நிறுவனமும் அவற்றில் ஒன்று. நெடுந்தூர வழிகள் இனி அரசுக்கே. தனியாருக்கு எஞ்சியவை உள்ளூர்ப் பாதைகள் மட்டும்.

ஆனால் அதற்கு ஓர் ஆண்டு முன்பே வேறொரு வாசல் திறந்திருந்தது. ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் இடையே அரசு ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு இணையாகத் தனியார் ரயில்பாதைக்கு அனுமதி கிடைக்காது. ஹான்ஷின் என்ற நிறுவனம் ரயில் சட்டத்தை விட்டுவிட்டு டிராம் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தது. டிராம் என்றால் சாலைமீது ஓடுவது. பாதையின் ஏதாவது ஒரு பகுதி சாலைமீது இருந்தால் போதும் என்ற விளக்கத்தை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1905 ஏப்ரலில் ஹான்ஷின் தன் வண்டிகளை ஓட்டத் தொடங்கியபோது, சுமார் 30 கிலோமீட்டர் பாதையில் சாலைமீது இருந்தது சிறு பகுதிதான். மீதியெல்லாம் தனித் தடம். காகிதத்தில் டிராம், ஓட்டத்தில் விரைவு ரயில். அரசு ரயில்களின் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர். ஹான்ஷின் 1,435 மில்லிமீட்டரில் போட்டது. புகையில்லாமல், குறுகிய இடைவெளிகளில் அடுத்தடுத்து வந்த அந்த வண்டிகளை நோக்கி மக்கள் திரண்டார்கள்.

இந்த வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஹான்காக்கு ரயிலின் இயக்குநர்களும் இருந்தார்கள். தங்கள் ரயிலை அரசு எடுத்துக்கொள்ளப்போகிறது. கையில் பணமும் அனுபவமும் இருக்கின்றன. டிராம் சட்டம் வழிவிடுகிறது. உமேடாவிலிருந்து இகேடா வழியாகத் தகராசுகாவுக்கும், நடுவில் இஷிபாஷியிலிருந்து மினோவுக்கும் ஒரு மின்பாதை என்று திட்டமிட்டார்கள். மூலதனம் 55 லட்சம் யென். தலா 50 யென் மதிப்பில் 1,10,000 பங்குகள்.

1907இன் தொடக்கத்தில் ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது. போருக்குப் பிந்தைய உற்சாகத்தில் ஏறிய விலைகள் எல்லாம் இறங்கின. பங்கு கேட்டு முன்வந்தவர்கள் பணம் கட்டாமல் பின்வாங்கினார்கள். சுமார் 54,000 பங்குகள் கேட்பாரற்றுக் கிடந்தன. தொடங்கும் முன்பே கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

நடந்துபோனவர் போட்ட கணக்கு

கோபயாஷி இச்சிசோ 1873இல் யமனாஷி மாநிலத்தின் நிராசாகியில் பிறந்தவர். தோக்கியோவின் கெயோ கல்வி நிலையத்தில் படித்து மிட்சுய் வங்கியில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். வங்கியில் அவருடைய முன்னாள் மேலதிகாரி இவாஷிதா செய்ஷூ, வெளியேறி கிதஹாமா வங்கியை நடத்திக்கொண்டிருந்தார். ஒசாகாவில் ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் தொடங்குகிறேன், நடத்த வா என்று அவர் அழைக்க, கோபயாஷி 1907இல் வங்கி வேலையை விட்டுவிட்டு மனைவி மக்களுடன் ஒசாகா வந்து சேர்ந்தார். வந்த நேரத்தில்தான் சந்தை சரிந்தது. வர்த்தக நிறுவனத் திட்டம் கைவிடப்பட்டது. 34 வயதில், பழைய வேலையும் இல்லை, புதிய வேலையும் இல்லை. தெரிந்தவர்களின் உதவியால் ஹான்காக்கு ரயிலில் தணிக்கையாளர் பொறுப்பு கிடைத்தது. கலையப்போகும் நிறுவனத்தில் ஒரு தற்காலிக இடம்.

ஹான்காக்குவின் தலைமை அலுவலகம் இகேடாவில் இருந்தது. கூட்டங்களுக்குப் போய்வரும்போது, வரவிருக்கும் மின்பாதையின் வழியாகவே கோபயாஷி ஒசாகாவரை நடந்து பார்த்தார். வழியெங்கும் திறந்த நிலம், லேசாக மேடேறும் தரை, நல்ல நீர், தெளிந்த வானம். பயணிகள் இல்லாத பாதை என்று மற்றவர்கள் சொன்ன அதே இடம், மக்கள் வாழ வரக்கூடிய இடமாக அவருக்குத் தெரிந்தது.

அந்த நடையில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஜப்பானில் நிலத்தை அளக்கும் அலகு சுபோ. ஒரு சுபோ சுமார் 3.3 சதுர மீட்டர். ரயில் வருவதற்கு முன் ஒரு சுபோவை ஒரு யென்னுக்கு வாங்கலாம். ரயில் ஓடத் தொடங்கியபின் விற்றால் சுபோவுக்கு இரண்டரை யென் லாபம் கிடைக்கும். அரையாண்டுக்கு 50,000 சுபோ விற்றால் லாபம் 1,25,000 யென். வண்டியில் கூட்டமே இல்லாவிட்டாலும் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுத்துவிட முடியும்.

இதன் அழுத்தம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ரயில்பாதை தன் இருபுறமும் நிலத்தின் மதிப்பை உயர்த்துகிறது. அந்த உயர்வு வழக்கமாக அங்கே ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவருக்குப் போகிறது. கடன் வாங்கிப் பாதை போட்டவருக்குக் கிடைப்பது டிக்கெட் காசு மட்டும். கோபயாஷி அந்த மதிப்பு உயர்வையே நிறுவனத்தின் வருமானமாக்க நினைத்தார். அதற்கு ஒரே நிபந்தனை, நிலம் முதலில், ரயில் பிறகு. வரிசை மாறினால் கணக்கு கெட்டுவிடும்.

இவாஷிதா உடனே தலையாட்டிவிடவில்லை. யாரோ தொடங்கியதை நடத்திக்கொடுக்கும் ஊழியனாக அல்ல, உன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார். கோபயாஷி துணிந்தார். நிறுவனம் தொடங்க முடியாமல் போனால் அதுவரை ஆன செலவை 50,000 யென்வரை தானே ஏற்பதாகத் திட்டத்தின் முன்னோடிகளுக்கு எழுதிக் கொடுத்து, முழுப் பொறுப்பையும் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். சம்பளக்காரராக இருந்த ஒருவருக்கு அது தாங்கக்கூடிய தொகையே அல்ல. சொந்த ஊரான யமனாஷியின் செல்வந்தர்கள் சிலர் பங்கு வாங்கினார்கள். மீதியை கிதஹாமா வங்கி ஏற்றுக்கொண்டது. மின் சாதனங்களையும் தண்டவாளங்களையும் பணம் பிறகு என்ற ஏற்பாட்டில் மிட்சுய் வணிக நிறுவனம் தருவித்துக் கொடுத்தது. 1907 அக்டோபர் 19 அன்று நிறுவனம் பிறந்தது.

மறு ஆண்டு அவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்கிறது. நிறுவனத்தின் கட்டுமானச் செலவு, எதிர்பார்க்கும் வருமானம், வாங்கும் நிலம், ஈவுத்தொகைக்கான ஆதாரம் ஆகிய எல்லாவற்றையும் கேள்வி–பதில் வடிவில் எழுதி ஒரு சிறு புத்தகமாக 10,000 படிகள் அச்சிட்டு ஒசாகா முழுவதும் வழங்கினார். பங்குதாரர்கூட நிறுவனக் கணக்கைப் பார்ப்பது அரிதாக இருந்த காலம் அது. எதிர்கால நம்பிக்கையை ஊட்டும் விளம்பரம்தான்; ஆனால் எண்களை மறைக்காத விளம்பரம்.

இகேடாவில் ஒரு வீடு

1910 மார்ச் 10 அன்று வண்டிகள் ஓடத் தொடங்கின. உமேடாவிலிருந்து தகராசுகாவரை சுமார் 25 கிலோமீட்டர்; இஷிபாஷியிலிருந்து மினோவரை 4 கிலோமீட்டர். மரத்தாலான வண்டிகள் அன்றே அரக்கு நிறம் பூசப்பட்டிருந்தன.

ஜூன் மாதமே இகேடாவில் வீட்டு விற்பனை தொடங்கிவிட்டது. முரோமச்சி என்று பெயரிட்ட அந்தக் குடியிருப்பில் சதுரம் சதுரமாகத் தெருக்கள் போடப்பட்டன. சுமார் 200 மனைகள். ஒவ்வொரு மனையும் 100 சுபோ, அதாவது ஏறக்குறைய 330 சதுர மீட்டர். அதில் 20 சுபோவில் ஐந்தாறு அறைகள் கொண்ட இரண்டடுக்கு மர வீடு. மற்ற இடமெல்லாம் தோட்டத்துக்கு. மனையும் வீடும் சேர்த்து விலை 2,500 யென் அளவில்.

அந்தத் தொகையை மொத்தமாகக் கட்டக்கூடியவர்கள் ஏற்கெனவே சொந்த வீட்டில்தான் இருந்தார்கள். கோபயாஷி கண் வைத்தது வங்கி, வணிக நிறுவனம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாடகை வீட்டில் இருந்தவர்கள்மீது. அவர்களுக்காகத் தவணை முறை வந்தது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியை மாதம் 24 யென் வீதம் பத்து ஆண்டுகள் கட்டினால் வீடு சொந்தம். முன்பணம் 500 யென், பத்து ஆண்டுத் தவணை 2,880 யென் என்று கூட்டினால் வட்டி எவ்வளவு மிதமானது என்று தெரியும். வீட்டை இப்படித் தவணையில் விற்பது அன்றைய ஜப்பானில் புதுமை. விற்ற நிறுவனத்துக்கு மூன்று வகையில் பணம் வந்தது: மனை லாபம், மாதாமாதம் தவணை, தினமும் காலையும் மாலையும் டிக்கெட். வழியோர ஊர்களுக்கு நிறுவனமே மின்சாரம் விற்றதால் விளக்குக் காசும் சேர்ந்தது.

ஒசாகாவை ஏன் விட்டுவர வேண்டும்? கீழைத்தேய மான்செஸ்டர் என்று அந்நகரைப் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமையின் மறுபக்கம் நெசவாலைகளின் புகை. 1909 கோடையில் வடக்கு ஒசாகாவில் பெருந்தீ மூண்டு 11,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதே ஆண்டு நிறுவனம் வெளியிட்ட குடியிருப்பு விளம்பரப் புத்தகம் நேரடியாகவே பேசியது: அழகிய நீர் நகரம் பழங்கனவாக மறைந்துவிட்டது, இருண்ட வானத்தின்கீழ் புகை நகரில் வாழும் ஒசாகா மக்களே என்று விளித்து, எத்தகைய நிலத்தைத் தேர்வது, எத்தகைய வீட்டில் வாழ்வது என்று யோசிக்கச் சொன்னது.

இகேடாவைத் தொடர்ந்து 1911இல் மினோ கிளைப் பாதையில் சகுராய், பிறகு டொயோநாகா என்று குடியிருப்புகள் பெருகின. இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு யென்னுக்கு நிலத்தை விற்ற உழவருக்கு ரயில் வந்தபின் ஏறிய மதிப்பில் பங்கு இல்லை. முன்பணம் 500 யென் சேர்க்க முடியாத ஆலைத் தொழிலாளி புகையிலேயே இருந்தார். நிறுவனம் விற்ற தெளிந்த வானம் மாதச் சம்பளக்காரருக்கான வானம். அதன் வளர்ச்சியைப் பாராட்டும்போது இந்த எல்லையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலியாகத் திரும்பும் வண்டி

குடியிருப்பு ஒரு பாதிச் சிக்கலைத்தான் தீர்த்தது. அலுவலகம் போகிறவர்கள் காலையில் எல்லோரும் ஒசாகாவை நோக்கிப் போகிறார்கள். வண்டி காலியாகத் திரும்புகிறது. பகல் முழுவதும் கூட்டமில்லை. விடுமுறை நாளில் சுத்தமாக இல்லை. மின்பாதையில் செலவின் பெரும்பகுதி தடம், மின்கம்பி, வண்டி, கடன் வட்டி என்று நிலையானது. வண்டி நிரம்பி ஓடினாலும் காலியாக ஓடினாலும் அது குறையாது. ஆகவே எதிர்த்திசையில், ஓய்வு நேரத்தில் ஏறும் ஒவ்வொரு பயணியும் கிட்டத்தட்ட முழு லாபம்.

அதற்காகத்தான் மறுமுனையில் காரணங்களைக் கட்டினார்கள். 1910 நவம்பரில் மினோவில் மிருகக்காட்சி சாலை திறந்தார்கள்; அது நிலைக்கவில்லை, 1916இல் மூடப்பட்டது. தகராசுகாவில் 1911 மே மாதம் புதிய வெந்நீர்க் குளியலகம் வந்தது. பளிங்குத் தொட்டிகளும் பெண்களுக்கான தனி வசதிகளும் கொண்ட, குடும்பத்தோடு வரக்கூடிய இடம். அது கூட்டத்தை இழுத்தது. மறு ஆண்டு பக்கத்திலேயே மேற்கத்திய பாணிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, உள்ளே நீச்சல் குளம் அமைத்தார்கள். கூரைக்குக் கீழே வெயில் படாத குளத்தில் நீர் உடலை விறைக்க வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றாக நீந்தவும் அனுமதி இல்லை. குளம் தோற்றது.

கோபயாஷி குளத்தின்மேல் பலகை அடித்துப் பார்வையாளர் இருக்கைகள் போடச் செய்தார். உடை மாற்றும் பகுதி மேடையானது. தோக்கியோவின் மிட்சுகோஷி அங்காடி நடத்திய சிறுவர் இசைக்குழு அப்போது பெயர் பெற்றிருந்தது. அதைப் பார்த்துத் தகராசுகாவில் சிறுமிகளின் குழு ஒன்றை அமைத்தார். 1913இல் முதலில் சேர்ந்தவர்கள் 16 பேர். 1914 ஏப்ரல் 1 அன்று முதல் மேடையேற்றம். குளியலகத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் நாடகத்தை இலவசமாகப் பார்க்கலாம். பத்தே ஆண்டுகளில், 1924இல், 4,000 பேர் அமரும் பெரிய அரங்கம் எழுந்தது. இத்தனை இருக்கை எதற்கு என்றால், டிக்கெட் விலை எல்லாக் குடும்பங்களுக்கும் எட்ட வேண்டும் என்று கோபயாஷி விரும்பினார். விலை குறைய வேண்டுமென்றால் இருக்கை கூட வேண்டும். ரயில் நடத்துகிறவரின் கணக்கை அவர் நாடகத்திலும் போட்டார்.

டொயோநாகாவில் 1913இல் திறந்த விளையாட்டு மைதானமும் இந்த வகையில் சேரும். 1915 ஆகஸ்டில் ஒசாகா அசாஹி நாளிதழ் நடத்திய முதல் தேசிய இடைநிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி அங்கேதான் நடந்தது. பத்து அணிகள் ஆடின. இன்று கோஷியென் என்ற பெயரில் ஜப்பான் முழுவதும் கோடையில் ஆவலோடு பார்க்கும் போட்டியின் தொடக்கம் அது. ஆனால் கூட்டத்தை ஏற்றிச்செல்ல அன்றைய சிறிய வண்டிகளால் முடியவில்லை. இரண்டு ஆண்டுகளிலேயே போட்டி ஹான்ஷின் பாதையோரம் போய்விட்டது.

வங்கி விழுந்த ஆண்டு

1914இல் கிதஹாமா வங்கி ஆட்டம் கண்டது. ஒசாகாவையும் நாராவையும் பிரிக்கும் இகோமா மலையைக் குடைந்து இன்னொரு மின்ரயில் நிறுவனம் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தது. இவாஷிதா அதற்கு அளவுமீறிக் கடன் கொடுத்திருந்தார். நாளிதழ்கள் தாக்கின, வைப்புதாரர்கள் பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள், வங்கி கதவை மூடியது, இவாஷிதா பதவி இழந்தார்.

மினோ–அரிமா நிறுவனத்தின் பெரும் பங்குதாரர் அந்த வங்கிதான். அதன் கையிலிருந்த பங்குகள் விற்பனைக்கு வந்தன. யார் கைக்குப் போனாலும் நிறுவனத்தின் போக்கு மாறிவிடும். கோபயாஷி கடன் வாங்கி, நண்பர்களையும் வாங்க வைத்து, அந்தப் பங்குகளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதுவரை இன்னொருவரின் வங்கி நம்பிக்கையில் நிறுவனத்தை நடத்திய நிர்வாகி, அன்றுமுதல் தன் பெயரில் கடன் சுமந்த உரிமையாளர்களில் ஒருவரானார். இந்த நிறுவனத்தின் வரலாற்றில் 1910இன் தொடக்க விழாவைவிட இது பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். புரவலர் போன பிறகுதான் நிறுவனம் தன் காலில் நின்றது.

வங்கியின் வீழ்ச்சியில் இன்னொரு பொருளும் சந்தைக்கு வந்தது. கோபேவுக்கும் நிஷினோமியாவுக்கும் இடையே மலையடிவாரமாகப் பாதை போடும் உரிமை ஒரு சிறு டிராம் நிறுவனத்திடம் இருந்தது. அதற்கும் கிதஹாமா வங்கிதான் பின்னணி. மினோ–அரிமாவிடமோ ஒசாகாவின் ஜூசோவிலிருந்து இட்டாமி வழியாக நிஷினோமியா பக்கம் போகும் உரிமை இருந்தது. இரண்டையும் ஒட்டவைத்தால் ஒசாகாவிலிருந்து கோபேவரை ஒரு நேர்ப்பாதை. உள்ளூர் டிராம் இரு பெருநகரங்களை இணைக்கும் ரயிலாகிவிடும்.

ஹான்ஷின் எதிர்த்தது. தன் பாதைக்கு இணையாக இன்னொன்று வருவதை எந்த நிறுவனம்தான் பொறுத்துக்கொள்ளும்? கோபயாஷி உரிமையை வாங்கினார். கட்டுமானப் பணத்துக்கு, முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் தொழிலில் செல்வம் சேர்த்த முதலாளி ஒருவரின் கடன் கைகொடுத்தது. 1918 பிப்ரவரியில் நிறுவனத்தின் பெயர் ஹான்ஷின் விரைவு மின்ரயில் நிறுவனம் என்று மாறியது. ஹான்ஷின் என்பது ஒசாகா–கோபே பகுதியைக் குறிக்கும் சொல்; போட்டி நிறுவனத்தோடு இது இணைந்துவிடவில்லை. அதன் சுருக்கமே ஹான்க்யூ. 1920 ஜூலை 16 அன்று கோபே பாதை திறந்தது.

ஹான்ஷின் பாதை கடலோர ஊர்களைத் தொட்டுத் தொட்டு, வளைந்து, அடிக்கடி நின்று போனது. ஊர்கள் அங்கே இருந்ததால் பயணிகளும் அங்கே இருந்தார்கள். ஹான்க்யூவுக்குக் கிடைத்தது ரொக்கோ மலையடிவாரத்தின் வெற்று நிலம். அங்கே ஊர்கள் குறைவு என்பதாலேயே தடத்தை நேராகப் போட முடிந்தது. நேராக இருந்ததால் வேகமாக ஓட முடிந்தது. திறப்பு விழாவுக்குக் கோபயாஷி எழுதியதாகச் சொல்லப்படும் விளம்பரம் ஒசாகாப் பேச்சு வழக்கிலேயே இருந்தது: புதிய விரைவு வண்டி, அழகு, வேகம், உள்ளே காலி, காட்சி அருமை, குளுகுளு என்று. எந்த நிறுவனமும் தன் வண்டி காலியாக ஓடுவதை ஒளிக்கத்தான் பார்க்கும். பயணியின் இடத்திலிருந்து பார்த்தால் காலி வண்டி என்பது உட்கார இடம். அதை உணர்ந்து, தன் பலவீனத்தை முதல் வரிசையில் வைத்தார் அவர்.

தொடக்கத்தில் உமேடாவிலிருந்து கோபேவுக்கு 50 நிமிடம். ஆற்றுப் பாலத்தையும் முனையத்தையும் 1926இல் உயர்த்தி, கோபே வண்டிகளுக்கும் தகராசுகா வண்டிகளுக்கும் தனித்தனி இரட்டைத் தடம் கொடுத்தார்கள். புதிய எஃகு வண்டிகள் வந்தன. 1930இல் 30 நிமிடம், 1934இல் 25 நிமிடம் என்று நேரம் பாதியாகச் சுருங்கியது. அதற்குள் காலியாக இருந்த அடிவாரம் முழுவதும் வீடுகள் எழுந்துவிட்டன.

முனையத்தின் மேல் ஒரு கடை

உமேடா நிலையத்தை ஒட்டி 1920இல் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் எழுந்தது. கீழ்த்தளத்தை ஷிரோகியா என்ற பழைய அங்காடிக்கு வாடகைக்கு விட்டார்கள். மேலே ஹான்க்யூவே உணவுக்கூடம் நடத்தியது. ஐந்து ஆண்டுகள் ஷிரோகியாவின் வியாபாரத்தைக் கவனித்தபின், 1925இல் குத்தகை முடிந்ததும் அதைப் புதுப்பிக்காமல் தானே அன்றாடப் பொருள்களுக்கான சந்தையைத் திறந்தது நிறுவனம். 1929 ஏப்ரல் 15 அன்று அது எட்டு மாடிப் பல்பொருள் அங்காடியானது. ரயில் நிறுவனம் தன் முனையத்திலேயே நடத்திய முதல் அங்காடி அது.

அன்றைய பெரிய அங்காடிகள் எல்லாம் கிமோனோத் துணி வியாபாரத்தில் பரம்பரைப் பெயர் எடுத்தவை. வாடிக்கையாளரை வரவழைக்க அவை செலவழிக்க வேண்டியிருந்தது. ஹான்க்யூவின் வாடிக்கையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு தானாகவே கட்டடத்துக்குள் வந்து இறங்கினார். அந்த மிச்சத்தை விலைக் குறைப்பில் காட்டினார்கள்.

உணவுக்கூடத்தில் கறி சாதம் 20 சென்னுக்கு விற்றது; ஒரு யென்னுக்கு 100 சென். பொருளாதார மந்தம் வந்தபோது மாணவர்களும் வேலையிழந்தவர்களும் ஐந்து சென்னுக்கு வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வேறு கடைகள் அப்படிப்பட்டவர்களை விரட்டின. சோறு மட்டும் கேட்பவர்களையும் வரவேற்கிறோம் என்று கோபயாஷி அறிவிக்கச் செய்தார். இன்று கையில் காசில்லை. நாளை குடும்பத்தோடு வருவார்கள் என்பது அவர் எண்ணம். தவணையில் வீடு விற்றதும் இதே எண்ணத்தில்தான். ஒரு பயணியை ஒரு நாளின் டிக்கெட்டாகப் பார்க்காமல் முப்பது ஆண்டு வாழ்க்கையாகப் பார்த்தார்.

காலியாகத் திரும்பும் வண்டிக்கு இன்னொரு மருந்து கல்வி நிலையங்கள். கோபே நகரில் இருந்த குவான்செய் ககுயின் என்ற கல்வி நிலையம் இடம் போதாமல் தவித்தது. அதன் பழைய வளாகத்தை ஹான்க்யூ வாங்கிக்கொண்டு, நிஷினோமியாவின் உஎகஹாரா மேட்டில் சுமார் 70,000 சுபோ நிலத்துக்கு அது 1929இல் இடம்பெயர உதவியது. கோபே பெண்கள் கல்லூரியும் 1933இல் நிஷினோமியாவுக்கே, ஹான்க்யூ பாதையோரம் வந்தது. காலையில் நகரத்துக்குப் போகும் அலுவலருக்கு எதிர்த்திசையில், நகரத்திலிருந்து வெளியே போகும் மாணவர்கள் வண்டியை நிரப்பினார்கள்.

தோக்கியோவுக்குப் போன கணக்கு

தோக்கியோவில் முதுபெரும் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியின் முயற்சியில் 1918இல் பூங்கா நகர நிறுவனம் ஒன்று உருவானது. நிலம் வாங்கிவிட்டார்கள், அங்கே போய்ச்சேர ரயில் இல்லை. ஒசாகாவில் இதைச் செய்து காட்டியவரை அழைத்தார்கள். கோபயாஷி அவ்வப்போது தோக்கியோ வந்து ஆலோசனை சொன்னார். ஒசாகா வேலையை விட்டு முழுநேரமாக வர முடியாததால், ரயில் அமைச்சகத்தில் பணியாற்றிய கோத்தோ கெய்த்தாவை அந்தப் பொறுப்புக்குப் பரிந்துரைத்தார். 1922இல் மெகுரோ–கமாட்டா மின்ரயில் நிறுவனம் தொடங்கியது. இன்றைய தோக்யூ குழுமத்தின் வேர் அதுதான்.

மெகுரோவிலிருந்து முதல் வண்டிகள் 1923 மார்ச்சில் ஓடின. தெனென்–சோஃபு குடியிருப்பில் மனை விற்பனை ஆகஸ்டில் தொடங்கியது. செப்டம்பர் 1 அன்று பெருநிலநடுக்கம் தோக்கியோவின் நடுப்பகுதியை எரித்துத் தரைமட்டமாக்கியது. வீடிழந்தவர்களும் பயந்தவர்களும் மேற்குப் புறநகரை நோக்கி நகர்ந்தார்கள். போவதற்கு நிலமும் அங்கே கொண்டுபோய்விட ரயிலும் தயாராக இருந்ததால் மெகுரோ பாதை வேகமாக வளர்ந்தது. ஹான்க்யூவுக்கு அந்தக் கூட்டம் சேரப் பத்து ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது.